மிடி வயரில் சத்தம் ஓடாது: சாஃப்ட்வேர் சின்த், கீபோர்டு அனுபவப் பகிர்வு

வெள்ளைக்கட்டை

லேப்டாப்பில் சாஃப்ட்வேர் சின்த் (வாத்தியச் சத்தத்தை உருவாக்கும் புரோகிராம்), கையில் ஒரு பழைய கீபோர்டு என்று வாசிப்பவர்கள், சந்தித்த கோளாறுகளையும் சரிசெய்த வழியையும் இங்கே போடுங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாமல் எந்த செட்டிங், எதை மாற்றியதும் சரியானது என்று எழுதினால் அடுத்தவருக்கு உதவும்.

முதலில் ஒன்று. கோளாறு எந்தப் பக்கம் என்று தெரியாமல் எதையும் கழற்றாதீர்கள். கீபோர்டை லேப்டாப்போடு இணைக்கும் மிடி வயரில் சத்தம் ஓடாது. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற தகவல்தான் ஓடும். அந்தத் தகவலைத் திரையில் காட்ட விண்டோஸில் மிடி-ஆக்ஸ், மேக்கில் மிடி மானிட்டர், இரண்டும் காசில்லாமல் கிடைக்கும். திறந்துவைத்துக் கட்டையை அழுத்திப் பாருங்கள். நோட் எண்ணும் வெலாசிட்டியும் (அழுத்திய வேகம்) ஒழுங்காக வந்தால் கீபோர்டில் குறையில்லை, தேட வேண்டியது லேப்டாப் பக்கம். ஒன்றுமே வராவிட்டால் சின்த்தை எத்தனை முறை மறுபடி இன்ஸ்டால் செய்தாலும் பயனில்லை. சோதித்து முடித்ததும் மானிட்டரை மூடிவிடுங்கள். விண்டோஸில் பல டிரைவர்கள் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராமுக்குத்தான் போர்ட்டைக் கொடுக்கும். மானிட்டர் திறந்திருப்பதாலேயே சின்த் ஊமையாக நிற்பது உண்டு.

அழுத்திய பிறகு தாமதமாகக் கேட்கிறது என்பதுதான் அதிகம் வரும் புகார். கணக்கு எளிது: பஃபர் அளவை (ஒரு தடவையில் கணக்கிடும் சாம்பிள்களின் எண்ணிக்கை) சாம்பிள் ரேட்டால் (விநாடிக்கு எத்தனை சாம்பிள்) வகுக்க வேண்டும். 48,000இல் 512 சாம்பிள் வைத்தால் 10.7 மில்லிசெகண்ட், 256க்கு 5.3, 128க்கு 2.7. டிரைவரும் இன்டர்ஃபேஸும் (லேப்டாப்புக்கு வெளியே மாட்டும் ஆடியோ பெட்டி) தம் பங்குக்குச் சில மில்லிசெகண்ட் சேர்க்கும். விண்டோஸின் வழக்கமான டிரைவரை விட்டு ஏசியோ என்ற தாமதம் குறைந்த டிரைவருக்கு மாறினாலே பாதிப் பிரச்சினை போய்விடும். இன்டர்ஃபேஸ் இருந்தால் அதோடு வந்த ஏசியோ டிரைவர், இல்லாவிட்டால் ஏசியோ4ஆல்.

காற்றையும் கணக்கில் சேருங்கள். சத்தம் 34 செ.மீ. கடக்க ஒரு மில்லிசெகண்ட் ஆகும். ஸ்பீக்கர் இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால் அதிலேயே 6 போகிறது. 256இலிருந்து 128க்கு இறக்கப் போராடுவதைவிட வயர் ஹெட்ஃபோன் மாட்டுவது லாபம். புளூடூத் ஹெட்ஃபோன் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. 100 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதம் அதில் சாதாரணம்.

பஃபரைக் குறைத்ததும் 'பட் பட்' என்று வெடித்தால் காரணம் இதுதான்: 128 சாம்பிள் என்றால் ஒவ்வொரு 2.7 மில்லிசெகண்டுக்குள்ளும் ப்ராசசர் அடுத்த துண்டைக் கணக்கிட்டுத் தந்தாக வேண்டும். ஒரு தடவை தவறினாலும் காதில் விழும். பேட் வகைச் சத்தங்களில் (நீண்டு ஒலிக்கும் பின்னணிச் சத்தம்) ரிலீஸ் (கட்டையை விட்ட பிறகு சத்தம் அடங்கும் நேரம்) நான்கைந்து விநாடி இருந்தால், கையை எடுத்த பிறகும் பழைய கார்டின் (சேர்த்துப் பிடித்த கட்டைகள்) நோட்டுகள் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். பாலிஃபனியை (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய நோட்டுகளின் எண்ணிக்கை) 16க்கு இறக்குங்கள், ஓவர்சாம்பிளிங்கைக் (சத்தத்தைக் கூடுதல் நுணுக்கமாகக் கணக்கிடுவது) குறையுங்கள். சிபியு மீட்டர் 30 சதவீதத்தில் நிற்கிறது, ஆனாலும் வெடிக்கிறது என்றால் சின்த் மேல் தவறில்லை. எந்த டிரைவர் ப்ராசசரைப் பிடித்துவைக்கிறது என்று காட்டும் லேட்டன்சிமான் ஓடவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வைஃபை டிரைவர்தான் மாட்டும். வாசிக்கும்போது வைஃபையை அணைத்துவிட்டு, பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வைத்தால் அடங்கிவிடும்.

மெல்லிசைமேடை

மேடைக்கு லேப்டாப் கொண்டுபோகிறவர்களுக்கு.

மைக் செட்டில் இணைத்ததும் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வருகிறதா? லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். இரைச்சல் நின்றால் அது எர்த் லூப். சார்ஜர் வழியாக ஓர் எர்த், மிக்ஸர் வழியாக இன்னோர் எர்த், நடுவில் ஆடியோ வயரின் ஷீல்டு. அந்த வளையத்தில் ஓடும் கரன்ட்தான் 50 ஹெர்ட்ஸாகவும் அதன் மடங்குகளாகவும் கேட்கிறது. இதற்கு மருந்து, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில் மாட்டும் பெட்டி), ஆடியோ வயரின் எர்த்தைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சோடு. ஸ்டீரியோ வேண்டுமென்றால் இரண்டு சேனல். சில ஊர்களில் சவுண்ட் சர்வீஸ்காரரே வந்து பிளக்கின் மூன்றாவது (எர்த்) பின்னை உடைத்துத் தருவார். தயவுசெய்து வேண்டாம். ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் எர்த் இல்லாத ஆம்ப்பும் மைக்கும் சேர்ந்தால் ஆளையே அடிக்கும்.

அடுத்தது, பலர் தலையைப் பிய்த்துக்கொள்ளும் விஷயம். ஹெட்ஃபோன் அவுட்டிலிருந்து ஸ்டீரியோ பின் வயரை எடுத்து நேராக மிக்ஸரின் பேலன்ஸ்டு இன்புட்டில் செருகினால் பியானோ காணாமல் போய் ரிவெர்ப் மட்டும் மிதக்கும். அந்த இன்புட் இடது, வலது இரண்டின் வித்தியாசத்தைத்தான் எடுக்கும்; நடுவில் இருக்கும் சத்தம் இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் கழிந்துபோகிறது. சின்த்தில் எந்தக் கோளாறும் இல்லை. ஒரு ஸ்டீரியோ பின்னிலிருந்து இரண்டு மோனோ பின்னாகப் பிரியும் வயர் வாங்குங்கள், அல்லது கீபோர்டின் பின்புறம் 'எல்/மோனோ' என்று போட்டிருக்கும் ஓட்டையிலிருந்து மட்டும் எடுங்கள்.

பெடல் தலைகீழாக வேலை செய்தால், அதாவது காலை எடுத்தால் சஸ்டெய்ன் (கட்டையை விட்டாலும் சத்தம் நீள்வது) பிடிக்கிறது என்றால், பெடலை மாற்ற வேண்டாம். அழுத்தும்போது இணையும் பெடலும் உண்டு, அழுத்தும்போது விலகும் பெடலும் உண்டு. நிறைய கீபோர்டுகள் ஆன் செய்யும் நொடியில் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதைத்தான் 'விட்ட நிலை' என்று எடுத்துக்கொள்ளும். அணைத்து, பெடலைச் செருகி, காலை வைக்காமல் ஆன் செய்யுங்கள்.

விண்டோஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணைத்துவையுங்கள். இல்லாவிட்டால் பாடகர் பேசிக்கொண்டிருக்கும் ஐந்து நிமிடத்தில் கீபோர்டு தூங்கிவிடும்.

புதுசு

அண்ணா, ஒரு சந்தேகம். என் கீபோர்டுலயே சவுண்டு இருக்கு. யூஎஸ்பியில லேப்டாப்போட கனெக்ட் பண்ணா ஒரு கட்டைக்கு ரெண்டு சத்தம் கேக்குது, ஒரு மாதிரி காத்துல சுத்துற மாதிரி. கார்டு புடிச்சா சில நோட்டு பாதியிலயே கட் ஆகுது.

வெள்ளைக்கட்டை

தம்பி, நீங்கள் அழுத்துவது நேராக உள் சத்தத்துக்கும் போகிறது, லேப்டாப் போய்த் திரும்பி வந்தும் அதே சத்தத்தை அடிக்கிறது. சில மில்லிசெகண்ட் இடைவெளியில் ஒரே நோட் இரண்டு முறை வருவதால்தான் அந்தச் சுழல். 32 நோட் பாலிஃபனி 16 ஆகிவிடுவதால் நோட்டுகள் வெட்டுப்படுகின்றன. கீபோர்டு மெனுவில் 'லோக்கல் கன்ட்ரோல்' ஆஃப் செய்யுங்கள். மெனுவில் இல்லாவிட்டால் லேப்டாப்பிலிருந்து சிசி 122 என்ற மிடி கட்டளை, மதிப்பு 0 அனுப்பலாம். சாஃப்ட்வேர் சின்த் மட்டும் போதும் என்றால் கீபோர்டின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலே முடிந்தது.

சோல்டர்க்கை

"சில கட்டைகள் மட்டும் மெதுவாகத் தொட்டாலும் அலறுகின்றன." இதற்கு வெலாசிட்டி கர்வை மாற்றிப் பயனில்லை, கழற்றித்தான் ஆக வேண்டும்.

ஒவ்வொரு கட்டைக்குக் கீழும் ரப்பர் பட்டையில் இரண்டு குமிழ். ஒன்று சற்று முன்னால் போர்டைத் தொடும், மற்றது பின்னால். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம்தான் வெலாசிட்டி. நேரம் குறைந்தால் ஓங்கி அடித்ததாகக் கணக்கு. முதல் குமிழின் கார்பனில் தூசி படிந்தால் அது தாமதமாகத் தொடுகிறது, இடைவெளி சுருங்குகிறது, மெல்லத் தொட்டதும் 127 (உச்ச வெலாசிட்டி) என்று போகிறது. அறவே தொடாவிட்டால் கட்டை ஊமை.

கழற்றும் முன் மிடி மானிட்டரில் ஒவ்வொரு கட்டையையும் அழுத்தி, கெட்டவற்றின் நோட் எண்களை எழுதுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் தூசி. 8 எண்களுக்கு ஒருமுறை ஒழுங்காக வந்தால் (41, 49, 57, 65 என்பதுபோல) அது தூசியே இல்லை. கட்டைகளை எட்டு எட்டாகத்தான் பெரும்பாலான கீபோர்டுகள் படிக்கின்றன. ரிப்பன் வயர் தளர்ந்திருக்கும், அல்லது ஒரு லைனில் சோல்டர் விட்டிருக்கும். ரிப்பனைக் கழற்றி மறுபடி அழுத்திச் செருகினாலே பாதி கேஸ் முடிந்துவிடும்.

தூசிதான் என்றால்: பவர் வயரைப் பிடுங்கி, மெத்தைமேல் கவிழ்த்துப் போட்டுக் கழற்றுங்கள். அடிப்பக்க ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் இருக்காது. நீளமானதைக் குட்டை இடத்தில் முறுக்கினால் மேல் பேனலில் பொத்துக்கொண்டு வரும். அட்டையில் கீபோர்டின் படம் வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்திவையுங்கள். கட்டைகளை எடுத்ததும் ரப்பர் பட்டை தெரியும். ஒரு முனையிலிருந்து மெல்ல உரியுங்கள். அதன் காம்புகள் போர்டின் ஓட்டைகளில் மாட்டியிருக்கும், இழுத்தால் அறுந்துவிடும்.

99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சு உதிராத துணி அல்லது காட்டன் பட்ஸ். போர்டில் இருக்கும் கறுப்புப் பூச்சை ஒரே திசையில் லேசாகத் துடையுங்கள். அதுவும் கார்பன்தான், தேய்த்தால் அதுவே போய்விடும். உப்புத்தாள், பென்சில் ரப்பர், துரு எடுக்கும் ஸ்பிரே மூன்றும் கிட்டேயே வரக் கூடாது. ஸ்பிரேயின் எண்ணெய் தங்கி மறுபடி தூசியை ஒட்டவைக்கும். குமிழுக்குள் இருக்கும் கறுப்பு வில்லையையும் அப்படியே தொட்டுத் துடையுங்கள், விரல் படக் கூடாது. பத்து நிமிடம் காயட்டும். பட்டையைத் திரும்ப வைக்கும்போது ஒவ்வொரு காம்பையும் மழுங்கிய பல்குத்தியால் ஓட்டைக்குள் முழுசாக அழுத்த வேண்டும். ஒன்று மேலே நின்றாலும் அந்தக் கட்டை பஞ்சுபோல் இருக்கும், சில சமயம் அழுத்தாமலே அடிக்கும். மூடும் முன் ஒருமுறை மானிட்டரில் சோதியுங்கள். மூடிய பிறகு சோதித்தால் முப்பது ஸ்க்ரூவையும் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும்.

எஃப்எம்கிறுக்கு

டிஎக்ஸ்7 என்ற பழைய எஃப்எம் சின்த் பற்றியும் போடலாம். யமஹா 1983இல் கொண்டுவந்தது: 6 ஆபரேட்டர் (சத்தம் உண்டாக்கும் அலகு), 32 அல்காரிதம் (அவற்றை இணைக்கும் விதம்), 16 நோட் பாலிஃபனி. அந்தச் சத்தம் மட்டும் வேண்டுமென்றால் டெக்செட் என்ற சாஃப்ட்வேர் சின்த் போதும், இலவசம். என்ஜின் தேர்வில் 'மார்க் 1' வைத்தால் பழைய கரகரப்பு கிட்டத்தட்ட வருகிறது. 'மாடர்ன்' சுத்தமாக இருக்கும்.

அசல் கருவியே வைத்திருந்தால் உள்ளே இருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கவனியுங்கள். 'சேஞ்ச் பேட்டரி' என்று திரையில் வந்தால் அதைத் தொடும் முன் 32 வாய்ஸையும் (சேமித்த சத்த அமைப்புகள்) காப்பி எடுங்கள். ஃபங்ஷன் அழுத்தி, 8ஆம் பட்டனில் 'சிஸ் இன்ஃபோ' அவெய்ல் ஆக்குங்கள். மறுபடி 8 அழுத்தினால் 'மிடி டிரான்ஸ்மிட்?' என்று கேட்கும், யெஸ் கொடுங்கள். டெக்செட்டோ மிடி-ஆக்ஸோ மறுமுனையில் வாங்கிக்கொள்ளும். கோப்பு சரியாக 4,104 பைட் இருக்க வேண்டும்: 32 வாய்ஸ், வாய்ஸுக்கு 128 பைட், அதோடு தலைப்பும் செக்சம்மும் (பிழை சரிபார்க்கும் எண்) முடிவுக் குறியும் சேர்ந்து 8. குறைந்தால் வழியில் தொலைந்திருக்கிறது.

தொலைவதற்குக் காரணம் பெரும்பாலும் மலிவான யூஎஸ்பி-மிடி வயர். நோட்டுக்கு மூன்று பைட் என்பதால் வாசிக்கும்போது அதன் குறை தெரியாது. மிடியின் வேகம் விநாடிக்கு 31,250 பிட். ஒரு பைட்டுக்கு 10 பிட் என்றால் இந்தக் கோப்பு போய்ச்சேர 1.3 விநாடி ஆகும். அவ்வளவு நீளமான ஒற்றைச் செய்தியை அந்த வயரின் சின்ன நினைவகம் தாங்காது. நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸின் மிடி ஓட்டை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். திரும்ப ஏற்றும்போது மெமரி ப்ரொடெக்ட்டை ஆஃப் செய்ய மறந்தால் எதுவும் ஏறாது.

புது பேட்டரியை நேராகச் சோல்டர் செய்யாமல் ஹோல்டர் வைத்துவிடுங்கள். மாற்றியதும் வாய்ஸ் பெயர்கள் கந்தரகோளமாகத் தெரியும். பயப்பட வேண்டாம், காப்பியை ஏற்றினால் வந்துவிடும்.

அஞ்சரைக்கட்டை

கர்நாடக சங்கீதத்துக்கு சின்த் வைப்பவர்களுக்கு. சர்ஜ் எக்ஸ்டி என்ற சாஃப்ட்வேர் சின்த் இலவசம், ஸ்வரங்களின் சுருதி அளவை எழுதிவைக்கும் ஸ்காலா கோப்புகளை நேராக எடுத்துக்கொள்ளும்.

கமகத்துக்கு முதலில் ப்ளே மோடை 'மோனோ எஸ்டி+எஃப்பி' ஆக்குங்கள். விரல் எடுக்காமல் அடுத்த கட்டைக்குப் போனால் மறுபடி அட்டாக் (சத்தத்தின் தொடக்க அடி) விழாது, வழுக்கலும் அப்போது மட்டும்தான் வரும். போர்ட்டமென்டோ (ஒரு நோட்டிலிருந்து அடுத்ததற்கு வழுக்கும் நேரம்) 40 முதல் 80 மில்லிசெகண்ட். அதற்குமேல் போனால் எல்லா ராகமும் மயக்க மருந்து சாப்பிட்டதுபோல் இழுக்கும்.

சுருதியை வளைக்கும் பெண்டு வீலை பலர் 12 செமிடோன் (ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள இடைவெளி) வரை விரிக்கிறார்கள், பிறகு படிக்கட்டுபோல் கேட்கிறது என்கிறார்கள். மிடியில் பெண்டுக்கு 16,384 படி உண்டு; ஆனால் நிறைய மலிவு கீபோர்டுகள் 128 படிதான் அனுப்பும். மேலும் கீழும் 2 செமிடோன் வைத்தால் படிக்கு 3 சென்ட் (செமிடோனில் நூறில் ஒரு பங்கு), காதுக்குப் பெரிதாகத் தெரியாது. 12 வைத்தால் படிக்கு கிட்டத்தட்ட 19 சென்ட், அப்பட்டமாகத் தெரியும். 2 அல்லது 3க்குள் நில்லுங்கள், பெரிய ஜாருவுக்கு (ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்குவது) போர்ட்டமென்டோவைப் பயன்படுத்துங்கள்.

சுருதிக்கு: தம்புரா போட்டுக்கொண்டு வாசித்தால் கீபோர்டின் அந்தர காந்தாரம் உறுத்தும். தம்புராவோடு சேரும் அளவான 5/4 (ஷட்ஜத்தின் அதிர்வெண்ணில் இத்தனை மடங்கு) என்பது 386 சென்ட், கீபோர்டு கொடுப்பது 400. ஸ்காலா கோப்பில் 12 வரி: 16/15, 9/8, 6/5, 5/4, 4/3, 45/32, 3/2, 8/5, 5/3, 9/5, 15/8, 2/1. சென்ட்டில் எழுதினால் புள்ளி கட்டாயம்: 702.0 என்று போட வேண்டும். புள்ளி இல்லாத 702 என்பதை அது 702 மடங்கு என்று எடுத்துக்கொள்ளும், பஞ்சமம் வௌவாலுக்குத்தான் கேட்கும்.

இதில்தான் எல்லாரும் இடறும் இடம் வருகிறது. பாடகி ஐந்தரைக் கட்டை (ஜி ஷார்ப் சுருதி) என்றால் கை தானாக, சுருதியை மொத்தமாக நகர்த்தும் டிரான்ஸ்போஸ் பட்டனுக்குப் போகும். அப்படிச் செய்தால் கீபோர்டு சி கட்டைக்கு ஜி ஷார்ப் எண்ணை அனுப்பும். சின்த்துக்கோ ஷட்ஜம் இன்னமும் சி தான். நீங்கள் வாசிக்கும் ஷட்ஜத்தை அது தைவதமாக நினைத்து மற்ற ஸ்வரங்களின் அளவுகளைத் தப்பான இடத்தில் வைக்கும். டிரான்ஸ்போஸை 0இல் விட்டுவிட்டு, கீபோர்டு மேப்பிங் கோப்பில் நடு நோட் 60, ஆதார நோட் 60, அதிர்வெண் 207.65 என்று கொடுங்கள். சி கட்டையில் வாசிப்பீர்கள், ஐந்தரைக் கட்டையில் கேட்கும், ஸ்வரங்களும் இடத்தில் இருக்கும். ஒரு கட்டைக்கு 261.63. பாடகர்வாரியாகக் கோப்பு போட்டு வைத்துக்கொண்டால் கச்சேரி அன்று இழுத்துப் போடுவதோடு சரி.

புதுசு

லோக்கல் ஆஃப் பண்ணேன், சரியாயிடுச்சு அண்ணா. என் கீபோர்டு பெண்டுல 128 படியா, முழுசா அனுப்புதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அஞ்சரைக்கட்டை

மிடி-ஆக்ஸைத் திறந்து வீலை முடிந்தவரை மெதுவாகத் தள்ளுங்கள். பெண்டு செய்தியில் இரண்டு எண் வரும், முதலாவது நுண்படி. அது எப்போதும் 0 ஆகவே நின்றால், அல்லது இரண்டாவதன் நகலாகவே வந்தால் 128 படிதான். தனியாகத் தாறுமாறாக மாறிக்கொண்டிருந்தால் முழு அளவு. 128 என்று தெரிந்தால் சர்ஜின் மிடி செட்டிங்கில் கன்ட்ரோலர் ஸ்மூத்திங் இருக்கிறது, அதை மெதுவான பக்கம் வைத்துப் பாருங்கள். படி மழுங்கும், ஆனால் வேகமான கம்பிதம் (ஸ்வர அசைவு) கொஞ்சம் சோர்ந்து கேட்கும்.