பயண நூல்கள் வாசித்து யாராவது மாறியிருக்கிறீர்களா?

கேள்வி: பயண நூல்கள் நிறைய வாசிக்கிறேன். வாசிக்கும்போது மனசு விரிகிற மாதிரி இருக்கிறது, ஆனால் புத்தகத்தை மூடியதும் எல்லாம் பழையபடிதான். வாழ்க்கைக்கு நிஜமாகவே எதையாவது எடுத்துக்கொண்டவர்கள் இருந்தால் சொல்லுங்களேன்.

பதில் 1: மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதாவைப் படியுங்கள். 1325இல் 21 வயதில் தனியாகக் கிளம்பியவர், வட ஆப்பிரிக்காவின் தூனிஸ் நகரம் போய்ச் சேர்ந்தபோது, வழியில் சேர்ந்து கூட வந்தவர்களை எல்லாம் ஊரார் வந்து வரவேற்க, தன்னிடம் பேச ஆளில்லாமல் அழுதுவிட்டதாக அவரே சொல்கிறார். அதைக் கவனித்த ஒரு யாத்ரீகர் பக்கத்தில் வந்து, நகரத்துக்குள் நுழையும்வரை ஆறுதலாகப் பேசிக்கொண்டே வந்தாராம். அப்பேர்ப்பட்ட பயணிக்கே அப்படி என்றால், புது இடத்தில் நமக்கு வரும் தனிமை ஒன்றும் பலவீனம் இல்லை. அப்புறம், ஓரமாக நிற்பவரிடம் முதலில் போய்ப் பேசும் அந்த யாத்ரீகராக இருக்கப் பாருங்கள், எனக்கு இதுதான் பெரிய பாடம்.

பதில் 2: நான் டார்வினைச் சொல்வேன். 1835இல் பசிபிக் கடலின் கலாபகஸ் தீவுகளில் சேகரித்த சின்னக் குருவிகளின் முக்கியத்துவம் அங்கே இருந்தபோது அவருக்குப் பிடிபடவில்லை, ஊர் திரும்பி 1837இல் பறவையியலாளர் ஜான் கூல்ட் ஆராய்ந்து சொன்ன பிறகுதான் விளங்கத் தொடங்கியது. அதனால் உடனே மாற்றம் தெரியவில்லையே என்று தவிக்காதீர்கள், குறிப்பு மட்டும் எழுதி வையுங்கள்.

கேள்வி கேட்டவர்: சரி, இன்றே ஆரம்பிக்கிறேன். பதூதாவுக்குச் சுருக்கப் பதிப்பு போதுமா?

பதில் 1: தாராளமாக. தூனிஸ் பகுதி தொடக்கத்திலேயே வந்துவிடும்.