புதுப்பிப்பு: என் தங்கை மகளின் உடல்நிலை, ஆறாவது வாரம்

கும்பகோணத்தில் பரதம் பயிலும் என் தங்கை மகள், பதினேழு வயதுப் பெண், கால்கள் திடீரென வலுவிழந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதை முன்பு இங்கே எழுதி, உங்கள் வேண்டுதலைக் கேட்டிருந்தேன். உடலின் எதிர்ப்பாற்றலே புற நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே நோய் அது என்று பின்னர் உறுதியானது.

ஐந்து நாள்கள் இம்யூனோகுளோபுலின் செலுத்தினார்கள். ஆயிரக்கணக்கானோர் தந்த பிளாஸ்மாவிலிருந்து அந்த மருந்து தயாராகிறது என்று மருத்துவர் விளக்கியபோது, முகம் தெரியாத அத்தனை பேரையும் நினைத்துத் தங்கை கைகூப்பி அழுதாள். அரங்கேற்றத்துக்கென்று சேர்த்திருந்த பணம் போதாமல் போனபோது, நடன வகுப்புப் பெற்றோரும் எங்கள் தெருக்காரர்களும் கேட்காமலே மீதியைத் திரட்டித் தந்தார்கள். இரவுத் துணைக்கும் முறைவைத்து வருகிறார்கள்.

இப்போது மூச்சுக்குச் சிரமமில்லை. இயன்முறை மருத்துவரின் ஒப்புதலோடு, அவளுடைய ஆசிரியை மாலைதோறும் கட்டிலருகே அமர்ந்து, பதாகம் தொடங்கி இருபத்தெட்டு ஒற்றைக்கை முத்திரைகளையும் விரல் பயிற்சியாகச் செய்ய வைக்கிறார். கர்த்தரீமுகத்தில் விரல்கள் இன்னும் நடுங்குகின்றன. நடப்பதற்கு மாதங்கள் ஆகலாம் என்கிறார்கள். முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்து நிற்கும் பரதத்தின் அடிப்படை நிலையான அரைமண்டியைப் பற்றி நாங்கள் யாரும் அவளிடம் பேசுவதில்லை, அவளாகவே பேசினால் கேட்டுக்கொள்கிறோம்.

பணம் இனி வேண்டாம். பார்க்க வருவோர் ஒவ்வொருவராக, மாலைப் பயிற்சி முடிந்தபின் வந்தால் போதும். நேற்று, ஆசிரியை ஆட்டத்துக்கான தாளச் சொற்களான சொல்லுக்கட்டைச் சொல்லத் தொடங்கியதும், போர்வைக்குள் அவளது வலது பாதம் ஒருமுறை அசைந்ததை நான் பார்த்தேன்.