2010 மாடல் ஹோண்டா சிட்டி வாங்கி ஓட்டிய அனுபவம்

பழைய செடான் (பின்னால் டிக்கி தனியாக நீட்டியிருக்கும் கார்) வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் பதில்: தாராளமாக வாங்கலாம். ஆனால் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட எத்தனை வயசு என்று பாருங்கள்.

என்னிடம் இருப்பது 2010 மாடல் ஹோண்டா சிட்டி, 1.5 லிட்டர் பெட்ரோல். சேலத்தில் ரிட்டயரான ஒருவரிடமிருந்து வாங்கினேன். அவர் வண்டியை அதிகம் வெளியே எடுத்ததில்லை. மீட்டரைப் பார்த்தவர்கள் எல்லாம் "புது வண்டி மாதிரிப்பா" என்றார்கள். என் மெக்கானிக் அண்ணன் மட்டும் மீட்டர் பக்கமே போகவில்லை. நேராக டயர் பக்கம் குனிந்து, ஓரத்தில் இருந்த நாலு இலக்க எண்ணைக் காட்டினார். 2314 என்று இருந்தால் அது 2014ஆம் வருடம் 23ஆவது வாரத்தில் தயாரான டயர். டயர் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேல்பகுதி) நன்றாகவே இருந்தது, ஆனால் பக்கவாட்டில் மயிரிழை மாதிரி வெடிப்புகள். "ஓடாத வண்டியிலயும் ரப்பர் காயும் தம்பி" என்றார். சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவம் போகும் ஹோஸ் எல்லாமே அப்படித்தான். வண்டி விலையோடு இதற்கும் தனியாக ஒரு தொகை எடுத்து வைத்துக்கொண்டுதான் பேரம் பேச வேண்டும்.

அவர் சொன்னது தொப்பூர் ஏற்றத்தில் நன்றாகப் புரிந்தது. குடும்பத்தோடு பெங்களூர் போகும்போது எஞ்சின் அதிகம் சூடாகிவிட்டது என்று டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே ஏசியை அணைத்து ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினோம். ரேடியேட்டரின் மேல் தொட்டி பிளாஸ்டிக். வருடக்கணக்காகச் சூடேறி ஆறியதில் ஓரத்தில் கீறல் விட்டிருந்தது, கசிந்த கூலண்ட் வெள்ளையாகக் காய்ந்து படிந்திருந்தது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் பீச்சி அடிக்கும். நன்றாக ஆறவிட்டு, டோ வண்டி வரவழைத்தோம். அந்த நிலையில் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் எஞ்சின் தலைப்பகுதியைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். அப்புறம் எஞ்சின் செலவு வண்டி விலையில் பாதியைத் தொட்டுவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் இதை விற்க எனக்கு மனசில்லை. இந்தப் பணத்துக்குப் புதிதாக ஒரு சின்ன கார்கூட வராது. தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை புது கார் எடுத்தால் ஆயுள்வரியே 18 சதவீதம். அதையெல்லாம் முதல் ஓனர் கட்டி முடித்துவிட்டார். இதன் எஞ்சினுக்குள் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான், அதனால் அந்த மாற்றுச் செலவும் இல்லை. டிக்கியில் கல்யாண வீட்டுச் சாமானே ஏற்றலாம். நாலுவழிச் சாலையில் அது தரையோடு ஒட்டிப் போகிற சுகம் உயரமான வண்டிகளில் எனக்குக் கிடைக்கவில்லை. அம்மாவுக்குத்தான் சிரமம். முட்டிவலிக்காரர்களுக்குத் தாழ்ந்த சீட்டிலிருந்து எழுந்திருப்பது பெரிய பாடு. வயதானவர்கள் உள்ள வீடென்றால் வாங்கும் முன் அவர்களை ஒருமுறை உட்காரவைத்துப் பாருங்கள்.

பேப்பர் விஷயத்துக்கு வருவோம். ஆர்சி 15 வருடத்துக்குத்தான். அதன்பின் வண்டியை ஆர்டிஓவிடம் காட்டி 5 வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, பசுமை வரி தனி. இன்சூரன்ஸில் பம்பர் டு பம்பர் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் பாலிசி) இந்த வயசு வண்டிக்குப் பெரும்பாலும் தரமாட்டார்கள்.

ஒன்றை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். டகாட்டா என்ற ஜப்பான் கம்பெனி செய்த ஏர்பேக் விரியும்போது வெடித்து உலோகத் துண்டுகள் சிதறும் பிரச்சினைக்காக உலகம் முழுக்கப் பல கம்பெனிகள் அந்தக் காலத்து வண்டிகளைத் திரும்ப அழைத்தன, இந்த மாடலும் அதில் உண்டு. சேசிஸ் நம்பரைக் கொடுத்தால் மாற்றியாகிவிட்டதா என்று கம்பெனியிலேயே சொல்லிவிடுவார்கள், பாக்கி இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அந்த நம்பரை வாங்கிச் சரிபாருங்கள்.