மேல்வீட்டு இடிப்பா, இயர்பட்ஸா: எது காதைக் கெடுக்கிறது?

ஈசூன்வாசி:
மூன்று வாரமாக மேல்மாடி வீட்டில் ரினோவேஷன். காலை 9 மணி அடித்தால் போதும், சுவரையும் தரையையும் இடிக்கிற ஹேக்கிங் ஆரம்பம். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால், அந்தச் சத்தம் கேட்காமல் இருக்க இயர்பட்ஸை மாட்டிக்கொண்டு பாட்டை ஏற்றி வைத்துவிடுவேன். மற்ற நாளில் ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸுக்கு ரயில். அங் மோ கியோ வரைக்கும் வண்டி மேலே ஓடும்போது பிரச்சினை இல்லை, பீஷான் தாண்டிச் சுரங்கத்துக்குள் ஓடும்போது இரைச்சல் கூடும், நானும் இரண்டு புள்ளி ஏற்றுவேன், அப்புறம் இறக்க மறந்துவிடுவேன். போன வாரத்திலிருந்து இரவில் படுத்ததும் இரண்டு காதுக்குள்ளும் கொய்ங் என்று ஒரு சத்தம். வீட்டுக்காரி "ஏசி சத்தமா இருக்கும்" என்கிறார். ஏசியை அணைத்தும் பார்த்துவிட்டேன். மேல்வீட்டுக்காரரிடம் போய்ச் சண்டை போடலாமா, இல்லை டாக்டரிடம் போக வேண்டுமா?

துவாஸ் அண்ணன்:
தம்பி, சண்டையைத் தள்ளி வையுங்கள். கப்பல் பட்டறையில் பாதுகாப்பு வேலை பார்க்கிறேன், இந்த விஷயத்தோடுதான் தினமும் குடித்தனம்.

எரிச்சலூட்டும் சத்தம் வேறு, காதைக் கெடுக்கும் சத்தம் வேறு. நீங்கள் சொன்ன இரண்டில் எரிச்சல் மேல்வீடு, கெடுதல் உங்கள் பாக்கெட்டில் இருக்கிறது. இங்கே சிங்கப்பூரில் வேலையிடத்துக்கு உள்ள வரம்பு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல். அதற்கு மேல் 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி, 100 என்றால் வெறும் 15 நிமிடம். கிரைண்டர் பக்கத்தில் நின்றால் ஒரு கோப்பி குடிப்பதற்குள் அன்றைய கணக்கு தீர்ந்துவிடும். கருவி இல்லையா? ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் ஆபத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்வீட்டில் இடிக்கும்போது உங்கள் ஹாலில் சாதாரணமாகப் பேச முடிகிறதல்லவா? அப்படியென்றால் பாதிப்பு இடிக்கிற ஆளின் காதுக்குத்தான்.

உள்காதில் மயிரிழை போன்ற செல்கள் இருக்கின்றன, செத்தால் திரும்ப முளைக்காது. அவை களைத்துப்போனால் வரும் முதல் புகார்தான் இந்த கொய்ங். ஓரிரு நாள் ஓய்வில் அடங்கினால் தப்பித்தீர்கள். அடங்காவிட்டால் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) போய்க் காது, மூக்கு, தொண்டை நிபுணருக்குக் கடிதம் வாங்குங்கள். திடீரென்று ஒரு காது மட்டும் அடைத்துக் கேட்காமல் போனால் மட்டும் நாள் கடத்தாமல் அன்றே ஓடுங்கள், மருந்து சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

ஸ்பஞ்சு இயர்பிளக் வாங்கினால் ஒரு விஷயம். பத்தில் ஏழு பேர் தப்பாகத்தான் போடுகிறார்கள் (இது எங்கள் பட்டறையில் நான் பார்த்த கணக்கு). சும்மா ஓரத்தில் செருகினால் அது கம்மல்தான். விரலால் மெல்லிய குச்சி மாதிரி உருட்டி, எதிர்க் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காதை மேலே பின்னால் இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, விரிகிற வரைக்கும் அரை நிமிடம் அழுத்தி வைக்க வேண்டும். சரியாக இருந்தால் உங்கள் குரலே உங்களுக்குப் பானைக்குள் பேசுவது மாதிரி கேட்கும்.

பாத்தோக் மகள்:
அண்ணன் சொல்வதை என் அப்பா முப்பது வருடம் முன்னால் கேட்டிருக்க வேண்டும். அவரும் பட்டறைதான். "பசிக்குதாப்பா?" என்று கேட்டால் "யாரு படிக்குது?" என்பார். ஆம்பளைக் குரல் புரிகிறது, பேத்தி பேசினால் புரிவதில்லை, கீச்சுக் குரல்தான் முதலில் போகுமாம். நாங்கள் ரொம்ப நாள் அவர் கவனிக்கவில்லை என்று கோபப்பட்டோம். காது கேட்கும் கருவி வாங்கிக் கொடுத்தோம், அது டிவி மேல் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது, டிவி ஒலி மட்டும் 45-இல்.

உறுமிக்காரன்:
இயர்பட்ஸை மட்டும் திட்டாதீர்கள், நானும் குற்றவாளிதான். நாங்கள் எட்டுப் பேர் ஒரு சின்ன அறையில், கதவைச் சாத்திக்கொண்டு (பக்கத்தில் யாரும் புகார் கொடுக்கக் கூடாதே) இரண்டு மணி நேரம் உறுமி பயிற்சி செய்வோம். வெளியே வந்தால் காதில் பஞ்சு வைத்த மாதிரி இருக்கும், மறுநாள் காலையில் சரியாகிவிடும், அதை ஒரு பெருமையாகவே நினைத்திருந்தோம். இப்போது வாசிப்பவர்களுக்கென்றே விற்கும் வடிகட்டி வைத்த பிளக் போடுகிறேன், தாளம் அப்படியே கேட்கிறது, அளவு மட்டும் குறைகிறது. மூத்த வாசிப்பாளர் ஒருவர் "சாமி மேளத்துக்குக் காதை அடைக்கிறியா?" என்று முறைத்தார். அவரிடம் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது என்பதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

குயில்_பகை:
மேல்வீட்டு விஷயத்துக்கு மட்டும் பதில். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் இடிக்கிற மாதிரி சத்தமான வேலை வாரநாளில் 9 முதல் 5 வரைதான், சனி, ஞாயிறு, பொது விடுமுறையில் கூடாது. அந்த நேரத்துக்குள் என்றால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான், மீறினால் வீவகவிடம் சொல்லுங்கள். எங்கள் புளோக் மரத்தில் விடியுமுன் கூவுகிற குயில் மேல் யாரிடம் புகார் கொடுப்பது என்பதையும் யாராவது சொன்னால் தேவலை.

துவாஸ் அண்ணன்:
குயிலால் காது போகாது. தூக்கம் போகும், அது என் துறை இல்லை.

ஈசூன்வாசி:
எல்லோருக்கும் நன்றி. போனில் ஹெல்த் செயலியைத் திறந்து பார்த்தேன், இயர்பட்ஸ் ஒலியின் வாரக் கணக்கு அதிலேயே இருக்கிறது, பாதி நாள் 90-ஐத் தொட்டிருக்கிறேன். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறதாம், பிள்ளைகளுக்கு 75. ஒலி வரம்பை 80-இல் வைத்துவிட்டு, இரைச்சல் குறைக்கிற வசதியையும் போட்டுக்கொண்டு நேற்று ரயிலில் போனேன். சுரங்கத்தின் அடித்தொண்டை உறுமல் அடங்கிவிட்டதால் ஏற்றவே தோன்றவில்லை. கொய்ங் பாதி குறைந்திருக்கிறது, இருந்தாலும் புதன்கிழமை மருந்தகத்துக்கு நேரம் வாங்கிவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். இன்று மின்தூக்கியில் மேல்வீட்டில் இடிக்கிற தம்பியைப் பார்த்தேன், மன்னார்குடிக்காரர், முகமெல்லாம் சிமெண்டுத் தூசி, காதில் ஒன்றும் இல்லை. வாங்கி வைத்திருந்த பிளக்கில் நாலு ஜோடி கொடுத்தேன். "அண்ணே, இதப் போட்டா சூப்பர்வைசர் கூப்புடுறது கேக்காதே" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

துவாஸ் அண்ணன்:
அந்தச் சத்தத்துக்கு நடுவில் போட்டால் இடிப்பும் குரலும் சேர்ந்தே குறையும், காது நன்றாக இருக்கிறவருக்குப் பேச்சு புரிவதில் குறைவு வராது, வெயிலில் கறுப்புக் கண்ணாடி போடுகிற மாதிரி. உருட்டிப் போடுவது எப்படி என்று நாளைக்கு அவருக்குக் காட்டிக் கொடுங்கள். சூப்பர்வைசர் வேண்டுமானால் எதிரே வந்து நின்று கையைக் காட்டிக் கூப்பிடட்டும்.