எந்த கேமும் நிற்காமல் ஓடவில்லை, டிரைவரை மறுபடி போட்டும் சரியாகவில்லை

மண்டபம்_பையன்:
வணக்கம். கம்ப்யூட்டரில் பழைய ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, சித்தப்பா வீட்டில் சும்மா கிடந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 கார்டை மாட்டினோம். அன்றிலிருந்து எந்த கேமைத் திறந்தாலும் கொஞ்ச நேரத்தில் திரை கறுத்து, சத்தம் மட்டும் கேட்டு, அப்புறம் டெஸ்க்டாப்புக்கு வந்துவிடுகிறது. என்விடியா தளத்தில் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை இறக்கி இருப்பதன் மேலேயே போட்டேன், அப்படியேதான் இருக்கிறது. விண்டோஸையே அழித்துப் போடச் சொல்கிறார்கள், ஆனால் அக்காவின் காலேஜ் ப்ராஜெக்ட் முழுக்க அதில்தான். வேறு வழி உண்டா?

கீழக்கரைக்காரன்:
தம்பி, விண்டோஸில் கை வைக்காதே. விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் லாக்கைத் திற, கேம் மூடிய நேரத்தில் 4101 என்ற எண்ணோடு பதிவு இருக்கிறதா பார். கார்டு 2 விநாடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸே டிரைவரை ரீசெட் செய்துவிடும், அதற்கான பதிவுதான் அது. ஒரு கேம் மட்டும் மூடினால் அந்த கேமின் ஃபைல்களைச் சந்தேகப்படலாம், உனக்கு எல்லாமே மூடுவதால் ஏஎம்டி டிரைவரின் மிச்சம் உள்ளே கிடக்கிறது என்றே நினைக்கிறேன்.

மேலே மேலே போட்டால் அது போகாது. புது டிரைவரையும் டிடியு என்ற டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரையும் முதலில் இறக்கி வைத்துக்கொண்டு நெட்டைத் துண்டித்துவிடு, இல்லாவிட்டால் நீ அழித்து முடிப்பதற்குள் விண்டோஸ் அப்டேட் தானாக ஒரு டிரைவரைப் போட்டுவிடும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் மெனு வழியாக அத்தியாவசியமானது மட்டும் ஓடும் சேஃப் மோடுக்குப் போ. டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீ கேட்கும், அதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள், அக்காவின் ப்ராஜெக்டையும் பென்டிரைவில் எடுத்துவிடு. டிடியுவில் ஏஎம்டி, என்விடியா இரண்டையும் அழி, சாதாரணமாக ரீஸ்டார்ட் செய், புது டிரைவரைப் போடு, கடைசியில் நெட்டைக் கொடு.

ராமேஸ்வரம்_சர்வீஸ்:
கீழக்கரைக் காக்கா (எங்க பக்கம் அண்ணனை அப்படிக் கூப்பிடுவோம்) சொன்னது சரி. ஆனால் நம்ம பக்கம் டிரைவரோடு விட முடியாது. 1650 கார்டுகளில் நிறைய 75 வாட்டுக்குள் மதர்போர்டு ஸ்லாட்டில் இருந்தே கரன்ட் எடுப்பவை, தனி வயர் கிடையாது. கச்சான் என்ற கடல்காற்று அடிக்கும் வீட்டில் திறந்து கிடந்த கார்டு என்றால் ஸ்லாட்டுக்குள் செருகும் தங்கப் பட்டையில் உப்பு படிந்து கறுத்திருக்கும், கேம் ஓடி லோடு ஏறும்போதுதான் கோளாறு தெரியும். மெயின் வயரைப் பிடுங்கிவிட்டு கார்டைக் கழற்று, வெள்ளை ரப்பரால் பட்டையை மெதுவாகத் தேய், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துக் காயவிட்டு மாட்டு. ஃபேனில் பிசுபிசுப்பாக ஒட்டிய தூசியையும் எடு.

மண்டபம்_பையன்:
4101 வரிசையாக இருந்தது காக்கா. டிடியு போட்ட பிறகு சின்ன கேம்கள் நிற்காமல் ஓடின, பெரிய கேம் மட்டும் மறுபடி கறுத்தது. பிறகு சர்வீஸ் அண்ணன் சொன்னபடி கழற்றிப் பார்த்தால் பட்டையின் ஒரு ஓரம் பச்சை பிடித்திருந்தது. துடைத்து மாட்டியதில் நேற்று சாயங்காலம் முழுக்க ஓடியது. இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இனி புது டிரைவர் வரும்போதெல்லாம் டிடியு போட வேண்டுமா?

கீழக்கரைக்காரன்:
வேண்டாம் தம்பி. கம்பெனி மாற்றிக் கார்டு போடும்போதும், இந்த மாதிரிக் கோளாறு வந்தாலும் மட்டும் போதும். மற்ற நேரம் என்விடியா இன்ஸ்டாலரில் கஸ்டம் போய் கிளீன் இன்ஸ்டாலேஷனை டிக் செய்தாலே போதும்.

ராமேஸ்வரம்_சர்வீஸ்:
பச்சை பிடித்த கார்டு என்பதால் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை கழற்றிப் பார்த்துக்கொள். சிபியுவை ஜன்னல் ஓரம் வைக்காதே.