சளிக்காய்ச்சல் தடுப்பூசி: ஹெல்த்ஹப், பில், வாய்ச்சொல்... எதை நம்புவது?

மலர்விழி:
65 வயதைத் தாண்டியவர்கள் பட்டியலில், கடந்த 12 மாதங்களில் சளிக்காய்ச்சல் (ஃப்ளூ) ஊசி போட்டவர்களைக் குறிக்க வேண்டும். சிலர் "போட்டாச்சு" என்கிறார்கள், சிங்கப்பூர் அரசின் மருத்துவப் பதிவுகளைக் காட்டும் ஹெல்த்ஹப் தளத்தில் ஒன்றும் இல்லை. சிலரிடம் மருந்தகத்தின் (கிளினிக்கின்) பில் மட்டும் இருக்கிறது. எதை வைத்துக் குறிப்பது?

தாதி_ஈசூன்:
ஹெல்த்ஹப்பில் தேதியோடு பதிவு இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். பதிவு இல்லை என்பதற்காக "போடவில்லை" என்று எழுதிவிடாதீர்கள், பலர் சறுக்குவது இங்கேதான். ஊசி போட்ட இடத்திலிருந்து தகவல் போனால்தான் தேசியத் தடுப்பூசிப் பதிவகத்தில் ஏறும். ஜோகூரிலோ சென்னையிலோ போட்டது தானாக வந்து சேராது. போட்ட மருந்தகத்தை அழைத்து தேதி, மருந்தின் பெயர், லாட் எண் (மருந்துத் தொகுதியின் எண்) மூன்றையும் கேளுங்கள். லாட் எண் எந்தத் தொகுதி மருந்து என்பதைத்தான் காட்டும்; அது இருப்பதை மட்டும் வைத்து ஊசி போட்டது உறுதி என்று கொள்ள வேண்டாம், ஊசி போட்டதாக மருந்தகத்தின் பதிவில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பில்லை மட்டும் நம்ப வேண்டாம். ஹெல்தியர் எஸ்ஜி என்ற சிங்கப்பூர் அரசின் நோய்த்தடுப்புத் திட்டத்தில் சேர்ந்த குடிமக்களுக்குத் தாங்கள் பதிந்த மருந்தகத்தில் இந்த ஊசி இலவசம். கட்டணத்தை வைத்துத் தேடினால் அவர்களே விடுபட்டுப்போவார்கள்.

கணக்கர்_பூன்லே:
வாய்ச்சொல்லில் "இல்லை" பெரும்பாலும் சரியாக இருக்கும். சிக்கல் "ஆமாம்" என்பதில்தான். போன வருடம் போட்டது இந்த வருடம் போட்டதாக நினைவில் நிற்கும். கோவிட் ஊசி, நிமோனியா ஊசி எல்லாம் கலந்துவிடும். "காய்ச்சல் ஊசி போட்டீங்களா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். காய்ச்சல் வந்தபோது போட்ட ஊசியை நினைத்துக்கொண்டு தலையாட்டிவிடுவார்கள். "தீபாவளிக்கு முன்னாடியா, பின்னாடியா? அன்னைக்கு ஒரு கையிலா, ரெண்டு கையிலயுமா?" என்று கேளுங்கள். ஒரே நாளில் இரண்டு கையிலும் என்றால், கூடவே நிமோனியா ஊசியும் போட்டிருக்கலாம்.

மலர்விழி:
நன்றி. விசாரித்தும் தெளியவில்லை என்றால்?

கணக்கர்_பூன்லே:
"தெரியவில்லை" என்று தனிக் குறியீடு கொடுங்கள். அதை "இல்லை"யோடு சேர்த்தால் ஊசி போட்டவர்கள் போடாதவர் கூட்டத்தில் கலந்து, தடுப்பூசியின் பலன் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். தகவல் எங்கிருந்து வந்தது என்பதற்கும் பட்டியலில் ஒரு தனி நெடுவரிசை வையுங்கள். "இந்த வருடம்" என்று எழுதாமல் முழுத் தேதியை எழுதுங்கள். பின்னால் நோயோடு ஒப்பிடும்போது, ஊசி போட்டு 14 நாள் ஆகுமுன் காய்ச்சல் வந்தவரைப் பாதுகாப்புப் பெற்றவராக எண்ணக்கூடாது. தேதி இல்லாவிட்டால் அவர்களைப் பிரிக்கவே முடியாது.