ஜேர்மனியில ஒரு செமஸ்டர்: முதல்ல டெர்மின் எடுங்க

களுவாஞ்சிகுடியில இருந்து கேள்வி:

அண்ணா, நான் வந்தாறுமூலையில, கிழக்குப் பல்கலைக்கழகத்தில மூண்டாம் வருசம். ஐப்பசியில ஜேர்மனிக்குப் போறன், பரிமாற்றத் திட்டத்தில ஒரு செமஸ்டர். வீட்டில இப்பவே அரிசிமா வறுக்கத் தொடங்கிட்டாங்க. பெட்டிக்குள்ள என்ன வைக்கிற, இறங்கினதும் முதல்ல என்ன செய்யிற? ஆரைக் கேட்டாலும் "குளிர், குளிர்" எண்டுதான் சொல்லுறாங்க.

கல்லடியில இருந்து பதில்:

தங்கச்சி, குளிருக்கு ஒரு ஜக்கெட் வாங்கினா அந்தப் பிரச்சினை முடிஞ்சுது. அதையும் கொழும்பில வாங்காதீங்க, அங்க பழைய உடுப்பு விக்கிற கடையில மலிவாக் கிடைக்கும். நான் அங்க படிக்கக்குள்ள என்னை ஆட்டி வச்சது குளிர் இல்ல, டெர்மின்.

டெர்மின் எண்டா முன்கூட்டியே நாளும் நேரமும் குறிச்சுக்கொள்ளுறது. நம்மட ஊரில பிரதேச செயலகத்துக்கு வெள்ளன போய் வரிசையில நிண்டா எப்படியும் அலுவல் முடியும். கூட்டாளிட வீட்டுக்குப் போறதெண்டா கடப்படியில நிண்டு கூப்பிட்டாக் காணும், மறுகா தேத்தண்ணி தானா வரும். அங்க என்னோட படிச்ச பொடியன் ஒருத்தன், தேத்தண்ணி குடிக்க "அடுத்த வியாழன் இல்ல, அதுக்கடுத்த வியாழன் நாலரைக்கு" எண்டு போனில குறிச்சான். எனக்குக் கோவம் வந்திட்டு. ஆனா அந்த வியாழன் நாலரைக்கு, தானே சுட்ட கேக்கோட கதவைத் தட்டினான்.

ஆக்களோட இது பழகிரும். அலுவலகங்களோடதான் கவனம். குடியேறி ரெண்டு கிழமைக்குள்ள நகரசபையில முகவரியைப் பதியணும், அன்மெல்டுங் எண்டு சொல்லுவாங்க. அதுக்கு வீட்டுக்காரரோ விடுதியோ கையெழுத்து வச்சுத் தாற ஒரு கடிதம் வேணும். எனக்கு அது தெரியாது. பாஸ்போட்டையும் வாடகை ஒப்பந்தத்தையும் தூக்கிக்கொண்டு போனன், திருப்பி அனுப்பிட்டாங்க. அடுத்த டெர்மின் மூண்டு கிழமை கழிச்சுத்தான் கிடைச்சது. பதிவு இல்லாததால வங்கிக் கணக்கு இழுபட்டுது, கணக்கு இல்லாததால, விசா எடுக்க முன்னமே முடக்கக் கணக்கில போட்டு வச்ச செலவுக் காசும் மாசாமாசம் கைக்கு வரல்ல. அந்தக் காசு 2024 செப்டம்பரில இருந்து மாசத்துக்கு 992 யூரோ கணக்கு, ஒரு வருசம் எண்டா 11,904. முடக்கக் கணக்கில இவ்வளவு கிடக்க, நான் பாணும் பருப்பும் சாப்பிட்டு, சீனியர் அண்ணன் ஒருவரிட்டக் கடனும் வாங்கினன். அதால டெர்மினை இங்க இருக்கக்குள்ளேயே இணையத்தில பார்த்து எடுங்க, விடுதிக்கும் அந்தக் கடிதத்தைக் கேட்டு எழுதுங்க. ஒண்டரை மாசச் செலவுக்குக் கையில காசு வச்சுக்கொள்ளுங்க. உங்கட செலவு முழுக்கப் புலமைப்பரிசில் எண்டாலும் முதல் மாசக் காசு பிந்தி வரலாம்.

இன்னொண்டு, தபால் பெட்டி. போன அண்டைக்கே உங்கட பேரை அதில ஒட்டுங்க. பேர் இல்லாட்டித் தபால் திரும்பிப் போயிரும். வங்கி ரகசிய இலக்கம், காப்புறுதி அட்டை எல்லாம் கடிதமாத்தான் வரும். வானொலிக் கட்டணம் எண்டு மாசம் 18.36 யூரோ கேட்டும் ஒரு கடிதம் வரும். "என்னட்ட ரேடியோவே இல்ல" எண்டு கிழிச்சுப் போட்டிராதீங்க, ரேடியோ இல்லாட்டியும் கட்டணும். ஆள் கணக்கில்ல, வீட்டுக் கணக்கு. ஒரே வீட்டில நாலு பேர் இருந்தாப் பங்கு போடலாம்.

பெட்டி விசயம். அரிசிமாவும் மிளகாய்த்தூளும் கொண்டு போங்க, அம்மாட மனசுக்காக. தமிழ்க் கடையில ரெண்டும் வாங்கலாம், ஆனா வீட்டுத் தூள் வீட்டுத் தூள்தான். மாசியும் கருவாடும் நாம சாப்பிடுற அளவுக்குக் கொண்டு போகலாம், மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில தடையில்ல. இறைச்சியும் பால் சாமானும் கூடாது, அதால தயிர்ச்சட்டியும் நெய்ப் போத்தலும் வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலையும் வேணாம். ரைஸ் குக்கர் கொண்டு போறதெண்டா அடப்டர் ஒண்டும் வாங்குங்க. கரண்ட் நம்மட மாதிரி 230 வோல்ட்தான், பிளக்தான் பொருந்தாது. கருவாடு பொரிக்க முன்னம் யன்னலைத் திறங்க. நான் திறக்கல்ல. புகை மணி அடிச்சு மூண்டு மாடியும் பைஜாமாவோட இறங்கி வெளியில நிண்டுது.

ஞாயிறு கடை பூட்டு. சனிக்கிழமை பின்னேரமே அரிசி இருக்கா எண்டு பாருங்க. இரவு பத்துக்கு மேல சத்தம் போடப்படாது, உடுப்புக் கழுவுற மெஷினும் போடப்படாது. வெறும் பிளாஸ்டிக் போத்தலை எறியாதீங்க, கடை மெஷினில போட்டா அநேகமா ஒண்டுக்கு 25 யூரோ சதம் திரும்பி வரும்.

படிப்பில ரெண்டு விசயம். நேர அட்டவணையில பத்து மணிக்குப் பக்கத்தில "c.t." (சி.டி.) எண்டு இருந்தா வகுப்பு பத்தேகாலுக்குத்தான். முதல் நாள் வெறும் மண்டபத்தில தனிய இருந்து, கட்டடம் மாறி வந்திட்டனோ எண்டு பயந்தன். ரெண்டாவது, சோதனைக்கு நாமளே இணையத்தில பதியணும். நம்மட பக்கம் பட்ச் வட்ஸ்அப் குறூப்பில ஆராவது கத்துவாங்க, அங்க ஒருத்தரும் கத்த மாட்டாங்க. ஒரு பாடத்துக்கு ஒரு நாளும் விடாமப் போனன், பதியிற கடைசித் திகதியைத் தவற விட்டன். அலுவலகத்தில இருந்த அம்மா அன்பாச் சிரிச்சுக்கொண்டு "முடியாது" எண்டா. ஆறு கிரெடிட் போயிற்று. ஒரு செமஸ்டருக்கு முழுசா 30 கிரெடிட்தான். பதிவு திறக்கிற நாளையும் பூட்டுற நாளையும் இண்டைக்கே போனில போடுங்க.

அக்கரைப்பற்றில இருந்து ஒரு தம்பி:

தங்கச்சிக்குத் தேவைப்படாட்டியும் நம்மட ஆக்களுக்காகச் சொல்லுறன். ஹலால் இறைச்சிக்குத் துருக்கிக் கடையைத் தேடுங்க, அநேகமான பட்டணத்தில இருக்கு. கம்பஸ் சாப்பாட்டுக்கடையை மென்சா எண்டுவாங்க. மாணவர் அட்டை காட்டினா மலிவு. பண்டி இறைச்சி கலந்த சாப்பாட்டுக்குப் பக்கத்தில அடையாளம் போட்டிருப்பாங்க. ஜும்மா நேரத்தில வகுப்பு வந்தா வேற குறூப்புக்கு மாத்தித் தரச் சொல்லி முதல் கிழமையே கேளுங்க. கேட்டேன், மாத்தித் தந்தாங்க. கேக்காட்டித் தாமா வந்து தர மாட்டாங்க.

களுவாஞ்சிகுடி:

எல்லாருக்கும் நன்றி. அம்மாவைச் சமாளிக்கிறதுதான் பெரிய கஷ்டம் அண்ணா. கோயில், ஊர் ஆக்கள் எண்டு ஏதும் இருக்கா?

கல்லடி:

இருக்கு. ஹம் எண்ட இடத்தில காமாட்சி அம்மன் கோயில், 2002ல கும்பாபிஷேகம். கோபுரத்தோட நம்மட ஆக்கள் கட்டினது. ரெயில் கோச்சி ஏறிப் போய் வந்தன். புக்கை வாங்கித் திண்டிட்டு, முன்பின் தெரியாத ஒரு ஆச்சியோட நம்மட மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைச்சன். டெர்மின் எடுக்காமக் கதைச்சது அண்டைக்கு மட்டும்தான்.

அம்மாவோடயும் டெர்மின் போடுங்க. முதல்ல "பெத்த தாயோட கதைக்க நேரம் குறிக்கிறியா" எண்டு ஏசுவா, என்ர அம்மாவும் ஏசினா. நாங்க ஞாயிறு எண்டு வச்சம், அங்க பகல் பதினொண்டு. ஒக்டோபரில கடைசி ஞாயிறு அங்க மணிக்கூட்டை மாத்துவாங்க. அதுக்கு முன்னம் இங்க ரெண்டரை, மறுகா மூண்டரை. இதை அம்மாவுக்குச் சொல்லாம விட்டிட்டன், ஒரு மணித்தியாலம் போனுக்கு முன்னால பதறிக்கொண்டு இருந்திருக்கா. கார்த்திகை மாரிக்கு நீங்களும் பதறுவீங்க. வாவி நிறைஞ்சிட்டாம், வெள்ளம் கடலுக்கு ஓட முகத்துவாரம் வெட்டிட்டாங்களா எண்டு வகுப்புக்குள்ள இருந்து கேட்டு எழுதுவீங்க. எழுதுங்க, அதில பிழையில்ல.

புள்ளிகளையும் முன்னமே விளங்கப்படுத்துங்க. அங்க 1.0தான் உச்சம், 4.0 வரைக்கும் பாஸ். நான் 1.7 எண்டு சொல்ல, அம்மா கொஞ்ச நேரம் பேசல்ல. "பரவாயில்ல மனே, அடுத்த முறை பார்ப்பம்" எண்டா.

விசா வந்ததும் அதில எந்தத் திகதி வரைக்கும் எண்டு பாருங்க. செமஸ்டர் முடிய முன்னம் அது முடியுதெண்டா வெளிநாட்டவர் அலுவலகத்திலயும் டெர்மின் எடுக்கணும். அதுக்குத்தான் ஆகக் கூட நாள் காத்திருக்கணும். திகதியை இங்க போடுங்க, பார்த்துச் சொல்லுறன்.